செண்டாய் தந்த காந்தம்: பேராசிரியர் இவாசாக்கியும் அவர் வழிவந்த மரபும்

விஞ்ஞான வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தனிமனிதரின் மேதாவிலாசத்தைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆப்பிள் விழுந்தது, அறிவு பிறந்தது என்னும் பாங்கிலான கதைகளையே பாடநூல்களும் மாணவருக்கு வழங்கி வந்துள்ளன. ஒரு கண்டுபிடிப்பின் பின்னால் எத்தனை தலைமுறைகளின் உழைப்பு இருந்தது, எத்தகைய நிறுவனங்கள் அதனைத் தாங்கின, எவருடைய பணம் செலவாயிற்று, எவருடைய தேவை அதனைத் தூண்டிற்று என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. அவை எழாதவிடத்து விஞ்ஞானம் மந்திரமாகிவிடுகின்றது, விஞ்ஞானி மந்திரவாதியாகிவிடுகின்றார்.

இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையை எடுத்துக்கொண்டு எழுப்புதல் பயனுடையது. யப்பானின் வடகிழக்கிலே செண்டாய் நகரில் அமைந்த தொஹொக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பேராசிரியராக விளங்கிய ஷுன்இச்சி இவாசாக்கியின் கல்வி வாழ்க்கையை நாம் இங்கு நோக்குவோம். கணினிகளின் வன்தட்டுகளிலே எழுத்தும் ஒலியும் படமும் காந்த வடிவிற் பதியப்படும் முறையை அடியோடு மாற்றியமைத்தவர் அவர். அம்முறையை அவர் முன்வைத்தது 1977 ஆம் ஆண்டில். அது சந்தைக்கு வந்தது 2005 ஆம் ஆண்டில். இடையிலே கழிந்தவை 28 ஆண்டுகள். ஒரு கருத்துப் பயன்தரும்வரை 28 ஆண்டுகள் அதனைக் காத்து நின்றது எது? இக்கட்டுரையின் மையவினா இதுவே.

இவாசாக்கி 1926 ஆம் ஆண்டிலே பிறந்தவர். ஆனால் அவருடைய ஆராய்ச்சியின் வரலாறு அவர் பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

தொஹொக்குப் பல்கலைக்கழகம் 1907 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. 1904-05 இல் ரஷ்யாவுடன் நிகழ்ந்த போரினால் அரசின் திறைசேரி வறண்டிருந்த காலம் அது. கட்டடங்களுக்கு வேண்டிய பணத்தைப் பூருக்காவா என்னும் சுரங்க முதலாளிக் குடும்பம் நன்கொடையாக வழங்கிற்று. அக்குடும்பத்துக்குச் சொந்தமான ஆஷியோச் செப்புச் சுரங்கத்தின் நச்சுக் கழிவு வத்தாராசே ஆற்றிலே கலந்து, கரையோர உழவரின் வயல்களைப் பாழாக்கியிருந்தது. உழவருக்காகப் போராடிய தனாக்கா ஷோசோ, 1901 ஆம் ஆண்டிலே தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்து, பேரரசரிடம் நேரிலே மனுக்கொடுக்க முற்பட்டமை யப்பானிய மக்கள் வரலாற்றிற் புகழ்பெற்ற நிகழ்ச்சியாகும். கறைபட்ட பெயரைக் கழுவிக்கொள்ளும் நோக்கம் பூருக்காவாவின் கொடைக்குள் மறைந்திருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. உழவரின் நிலத்தைக் கெடுத்துச் சேர்த்த பணத்திலே ஓர் அறிவாலயம் எழுந்தது. இம்முரண்பாட்டை நாம் தொடக்கத்திலேயே மனங்கொள்ளுதல் வேண்டும்.

எனினும், நிறுவனங்கள் தம்மைத் தோற்றுவித்தோரின் நோக்கத்துக்குள் என்றும் அடங்கிக் கிடப்பதில்லை. தலைநகரின் பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட சில உயர்பாடசாலைகளிற் கற்றோருக்கே வாயிலைத் திறந்த காலத்திலே, செண்டாய் வேறு வகைக் கல்லூரிகளிற் கற்றோரையும் சேர்த்துக்கொண்டது. 1913 ஆம் ஆண்டிலே மூன்று பெண்களை மாணவராக ஏற்று, யப்பானின் பல்கலைக்கழக வரலாற்றிலே முதன்முறையாகப் பெண்களுக்கு இடமளித்ததும் இப்பல்கலைக்கழகமே.

இங்கு பௌதிகப் பேராசிரியராக வந்தவர் கொட்டாரோ ஹொண்டா. 1870 இல் உழவர் குடும்பமொன்றிலே பிறந்து, தோக்கியோவிலும் ஜேர்மனியிலும் பயின்றவர். முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த காந்த உருக்கு நின்றுபோயிற்று. மின் அளவீட்டுக் கருவிகளுக்கு அது இன்றியமையாதது. ஆகவே உள்நாட்டிலேயே அதனை ஆக்கும் தேவை எழுந்தது. இரும்போடு கோபாற்று, தங்ஸ்தன், குரோமியம் ஆகியவற்றைக் கலந்து, 1917 ஆம் ஆண்டிலே ஹொண்டாவும் அவருடைய உதவியாளர் தக்காகியும் புதிய உருக்கொன்றை ஆக்கினர். அதுவரை வழங்கிய தங்ஸ்தன் உருக்கினும் ஏறக்குறைய மும்மடங்கு உறுதியாகத் தன் காந்தத்தைப் பற்றிநின்றது அது. அதற்குச் சூட்டிய பெயர் கே. எஸ். உருக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கிய கிச்சிசாய்மொன் சுமித்தோமோ என்னும் பெருமுதலாளியின் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. உருக்கிய கைகளின் பெயர் அதிலில்லை. பணப்பையின் பெயரே உண்டு.

கே. எஸ். உருக்கு உலகப் புகழ் பெற்றது. ஆனால் எமது நோக்கிலே அதனினும் முக்கியமான வேறொரு வேலை ஹொண்டாவின் ஆய்வுகூடத்திலே நடந்தது. அவருடைய மாணவர் செய்ஜி காயா, 1920களின் பிற்பகுதியிலே இரும்பு, நிக்கல், கோபாற்று ஆகியவற்றின் தனிப்பளிங்குகளை வளர்த்து, அவை எத்திசையில் எளிதிற் காந்தமாகின்றன என்பதை அளந்தார். கோபாற்றுப் பளிங்கு அறுகோண அமைப்புடையது. அவ்வறுகோணத் தூணின் நெடுக்குத் திசையில் அது மிக எளிதிலே காந்தமாகின்றது. குறுக்குத் திசையில் அவ்வாறு ஆவதில்லை. கைத்தொழில் எதுவும் அன்று கேளாத வினா இது. சந்தையில் இதற்கு விலையும் இல்லை. அரை நூற்றாண்டின் பின்னர் இவாசாக்கியின் கைக்கு எட்டிய திறவுகோல் இதுவே என்பதைப் பின்னர் காண்போம். ஹொண்டாவின் மற்றொரு மாணவரான ஹகாரு மசுமோத்தோ 1930களிலே கண்ட ‘செண்டஸ்ற்’ என்னும் கலப்புலோகம் பிற்காலத்திற் பதிவுக்கருவிகளின் தலைப்பகுதிக்கு உதவிற்று. அதன் பெயரிலே செண்டாய் நகரின் பெயரும் கலந்திருக்கின்றது.

காந்தத்தை ஆக்குவது ஒன்று. காந்தத்திலே எழுதுவது வேறொன்று. ஒலியைக் காந்தமாக்கிப் பதியும் கலையைத் தொடக்கிவைத்தவர் டென்மார்க்கின் வால்டெமர் போல்சன். அவர் 1898 இலே உருக்குக் கம்பியிற் குரலைப் பதிந்தார். ஆயின் பதிந்த ஒலி மங்கியும் கரகரத்தும் இருந்தது. உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை உடன்செலுத்தினால் ஒலி தெளிவுபெறும் என்பதை அமெரிக்கரும் ஜேர்மானியரும் யப்பானியரும் தனித்தனியே கண்டறிந்தனர். யப்பானிலே அதனைக் கண்டவர் தொஹொக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்சோ நாகாயும் அவருடைய குழுவினரும், ஆண்டு 1938. ஒரே கண்டுபிடிப்பு மூன்று நாடுகளில், ஒருவரையொருவர் அறியாதோரிடையே தோன்றியமை எதைக் காட்டுகின்றது? ஒரு காலத்தின் அறிவும் கருவியும் தேவையும் முதிர்ந்துநிற்கும்போது அதனைப் பறிக்கக் கைகள் எங்கும் நீளும் என்பதையே.

போர் முடிந்தது. 1945 யூலை 10 ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் இட்ட தீக்குண்டுகளால் செண்டாய் நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. அச்சாம்பலிடையே கற்று 1949 இற் பட்டம்பெற்றவர் இவாசாக்கி. நாகாயின் கண்டுபிடிப்பின் உரிமையை அதே ஆண்டிலே வாங்கிய நிறுவனங்களுள் ஒன்று தோக்கியோவின் சிறு கம்பனியொன்று. அக்கம்பனியே பின்னாளிற் சோனி எனப் பெயர்பெற்றது. ஒலிநாடா செய்யும் வழி அறியாத அக்கம்பனியார், மருந்துக்கடைத் தெருவிலே இரசாயனப் பொடியை வாங்கிப் பொரிக்கும் சட்டியிலே வறுத்து இரும்பொட்சைட்டு ஆக்கினர்; அதனைக் கடதாசி நாடாவிற் பூசினர். இத்தகைய காலத்திலே இவாசாக்கி அக்கம்பனியிற் சிறிது காலம் பணியாற்றி, 1951 ஆம் ஆண்டிலே நாகாயின் ஆய்வுகூடத்துக்கு உதவியாளராகத் திரும்பினார்.

அவர் திரும்பிய சூழல் கவனத்துக்குரியது. போரிலே அறிவை விற்ற கசப்பு யப்பானிய அறிஞரிடையே மாறாதிருந்தது. 1949 இலே தோன்றிய யப்பானிய விஞ்ஞானப் பேரவை, போருக்கான ஆராய்ச்சியில் ஈடுபடமாட்டோம் என்று அடுத்த ஆண்டிலே பகிரங்கமாக உறுதிபூண்டது. மனிதக் குரலைப் பதிந்து வைக்கும் எளிய நாடாவை ஆராய்வதற்கு ஓர் இளம் பொறியியலாளர் தம் வாழ்வை ஒப்படைத்தது இவ்வாறான காலச் சூழலிலேயாகும்.

இவாசாக்கியின் முதற்பெரும் வெற்றி 1958 ஆம் ஆண்டிலே கிட்டியது. இரும்பொட்சைட்டுக்குப் பதிலாக உலோகத் தூளையே நாடாவிற் பூசினால், நுண்ணிய ஒலிகளையும் செறிவாகப் பதியலாம் என அவர் காட்டினார். ஆனால் உலோகத் தூள் காற்றுப்பட்டாற் துருப்பிடிக்கும். சில வேளை தீயும் பற்றும். கைத்தொழிற்சாலைகள் அதனை நாடவில்லை. உலோக நாடா கடைகளுக்கு வந்தது 1970களின் இறுதியிலேதான். அப்பொழுதே இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1964 இற் பேராசிரியரான அவர், காத்திருத்தல் என்னும் பாடத்தை இவ்வாறு இளமையிலேயே கற்றுவிட்டார்.

இனி அவருடைய தலையாய கருத்துக்கு வருவோம். அதனை விளக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வகுப்பறையிலே இரண்டு சட்டக்காந்தங்கள் போதும்.

நாடாவிலும் தட்டிலும் செய்தியைப் பதிவதென்பது மிகச் சிறிய காந்தங்களை வரிசையாக அமைப்பதாகும். ஒரு திசையில் அமைந்தால் ஒன்று. எதிர்த்திசையில் அமைந்தாற் பூச்சியம். இத்தகைய ஒவ்வொரு குறியும் ‘பிற்று’ எனப்படும். அதுவரை இக்காந்தங்கள் யாவும் தட்டின் பரப்பிலே படுத்த நிலையிலேயே பதியப்பட்டன. படுத்த இரு காந்தங்கள் எதிரெதிரே திரும்பியிருப்பின், வடமுனையை வடமுனை நோக்கும்; ஒன்றையொன்று தள்ளும்; ஒன்றின் காந்தத்தை மற்றது அழிக்க முனையும். செய்தி செறியச் செறியக் காந்தங்கள் குறுகும், எதிர்த் திருப்பங்கள் பெருகும், அழிவும் மிகும். அதே காந்தங்களை நிமிர்த்தி, அருகருகே எதிர்த்திசைகளில் நிறுத்திப் பாருங்கள். ஒன்றன் வடமுனைக்கு அருகே மற்றதன் தென்முனை வருகின்றது. அவை ஒன்றையொன்று கவர்கின்றன. ஒன்று மற்றதைத் தாங்குகின்றது. படுத்த நிலையிலே பகைத்தவை நிமிர்ந்த நிலையிலே துணையாகின்றன!

1975 ஆம் ஆண்டிலே மிகச் செறிவான பதிவை ஆராய்ந்தபோது, நாடாவின் காந்தம் தன்னைத்தானே வட்டமாக வளைத்துக்கொண்டு மறைவதை இவாசாக்கியும் அவருடைய குழுவினரும் கண்டனர். படுத்த பதிவுக்கு எல்லையுண்டு என்பதை அவ்வட்டம் உணர்த்திற்று. 1977 ஆம் ஆண்டிலே நாகமுராவுடன் இணைந்து, நிமிர்ந்த பதிவே செறிவுக்கு உரிய வழி என்னும் கோட்பாட்டை வெளியிட்டார். ஆனால் மெல்லிய படலத்திலே காந்தத்தை எவ்வாறு நிமிர்ந்து நிற்கச் செய்வது? மறு ஆண்டிலே ஓவுச்சியுடன் இணைந்து அவர் தந்த விடை, கோபாற்றும் குரோமியமும் கலந்த படலம். அப்படலத்திற் கோபாற்றின் அறுகோணப் பளிங்குகள் நெற்பயிர் போல நெடுக்காக வளர்கின்றன. நெடுக்குத் திசையே கோபாற்றுக்கு எளிய திசை என்று செண்டாய் ஆய்வுகூடத்திலே காயா அளந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. விலையில்லாதிருந்த அவ்வறிவு இப்பொழுது வேலை செய்யத் தொடங்கியது. 1979 இலே படலத்தின் கீழ் மென்காந்த அடுக்கொன்றும் சேர்க்கப்பட்டது. அடிப்படைகள் யாவும் அப்பொழுதே அமைந்துவிட்டன.

அதன் பின்னர் நிகழ்ந்ததே எமது ஆய்வுக்குச் செழுமையான பகுதியாகும்.

1980களின் முற்பகுதியிலே யப்பானிலும் அமெரிக்காவிலும் பெருங்கம்பனிகள் பல நிமிர்ந்த பதிவை நோக்கி விரைந்தன. ஆயின் செய்முறை இடர்கள் பல தோன்றின. அதேவேளை பழைய முறையும் சாகவில்லை, புத்துயிர் பெற்றது. 1991 இல் ஐ.பி.எம். கம்பனி புதியவகை வாசிப்புத் தலையை வன்தட்டிற் புகுத்தியது. 1988 இலே பிரான்சில் அல்பேட் பேட்டும் ஜேர்மனியிற் பீற்றர் கிறூன்பேர்க்கும் தனித்தனியே கண்ட பெருங்காந்தத்தடை விளைவு 1997 இல் வன்தட்டுக்கு வந்தது. படுத்த காந்தங்களே ஆண்டுக்காண்டு செறிந்துகொண்டு போயின. இந்நிலையில் இலாபக் கணக்குப் பார்ப்போர் என் செய்வர்? கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. இத்துறையில் ஆய்வுக் கட்டுரைகளும் அருகின.

கைவிடாதோர் எவர்? செண்டாயின் ஆய்வுகூடத்தினரும் அவர்களோடு தொடர்புடைய பொது ஆய்வு நிலையத்தினருமே. அரசுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரின் வேதனம் அடுத்த காலாண்டின் விற்பனையைச் சார்ந்திருக்கவில்லை. உதவியாளர் மாணவரைப் பயிற்றினர், மாணவர் உதவியாளராயினர், அவருட் சிலர் கம்பனிகளுக்குட் சென்று, கைவிடப்பட்ட கருத்தை அங்கே உயிரோடு வைத்திருந்தனர். இவாசாக்கி 1989 இற் பல்கலைக்கழகத்தைவிட்டு ஓய்வுபெற்ற பின்னும் ஓவுச்சி, நாகமுரா போன்றோர் கையிலே வேலை தொடர்ந்தது.

இதனிடையே பழைய முறையின் எல்லையும் நெருங்கிற்று. காந்தப் படலம் நுண்மணிகளால் ஆனது. ஒரு மணி பத்து நனோமீற்றர் அளவுக்குக் குறுகும்போது, மனிதரின் தலைமயிர்த் தடிப்பிலே அத்தகைய மணிகளை ஆயிரக்கணக்கில் வரிசைப்படுத்தலாம். அவ்வளவு சிறிய மணியின் காந்தத்தை அறையின் வெப்பமே புரட்டிவிடும். இதற்கான கொள்கையைப் பிரான்சியப் பௌதிக அறிஞர் லூயி நெயேல் 1949 இலேயே வகுத்திருந்தார். செய்தி பத்தாண்டு நிலைக்கவேண்டுமாயின், மணியின் காந்த வலு வெப்பத்தின் வலுவினும் ஏறக்குறைய அறுபது மடங்காக இருத்தல் வேண்டும். படுத்த பதிவிலே செறிவை மிகுக்கப் படலத்தை மெலியச் செய்தாக வேண்டும். மெலிந்தால் மணி சிறுக்கும். சிறுத்தாற் செய்தி அழியும். நிமிர்ந்த பதிவிலோ மணியை உயரமாக வளர்த்து அதன் பருமனைக் காக்கலாம். நிலம் சுருங்கியபோது வீட்டை மேல்நோக்கி எழுப்புவது போன்றதே இது.

2000 ஆம் ஆண்டில் ஹிற்றாச்சிக் கம்பனியின் ஆய்வாளர் நிமிர்ந்த பதிவிலே சதுர அங்குலத்துக்கு 5,250 கோடி பிற்றுகளை எழுதிக் காட்டினர். விட்டுச்சென்றோர் திரும்பினர். 2005 இலே தோஷிபாக் கம்பனி சதுர அங்குலத்துக்கு 13,300 கோடி பிற்றுகள் செறிந்த சிறு வன்தட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1956 இல் ஐ.பி.எம். ஆக்கிய முதல் வன்தட்டிலே அதே பரப்பிற் பதிந்தவை ஏறத்தாழ 2,000 பிற்றுகளே! ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உலகின் வன்தட்டுகள் ஏறக்குறைய யாவும் நிமிர்ந்த பதிவுக்கு மாறின. 2010 இலே யப்பான் பரிசும், 2013 இலே அந்நாட்டின் கலாசார விருதும் இவாசாக்கியை அடைந்தன.

இவ்வரலாற்றை விடாமுயற்சியின் வெற்றி என்று கூறி முடித்துவிடலாம். பரிசளிப்பு விழாக்களில் அவ்வாறே கூறப்படும். நாம் அதனோடு அமையவியலாது. விடாமுயற்சியென்பது வெறும் மனவலிமையன்று. அதற்குச் சோறு வேண்டும், கூடம் வேண்டும், அடுத்த தலைமுறை வேண்டும். இவற்றைத் தந்தது சமுதாயத்தின் பொதுப்பணம். இவாசாக்கியின் மேதைமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவரைப் போன்ற மேதைமையுடையோர் கம்பனிகளிலும் இருந்தனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது காலமே.

செண்டாயின் மரபிலே குறையும் இருந்தது. ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழே துணைப்பேராசிரியர், உதவியாளர் என்னும் படிமுறை, தொடர்ச்சியைக் காத்ததோடு அதிகாரத்தையும் காத்தது. கீழ்ப்படியில் நின்றோர் பலரின் பெயர் மேற்படியின் பெயருக்குள் மறைந்தது. அதனை நாம் இலட்சியமாக்க வேண்டியதில்லை. அதன் பயனை மறுக்கவும் வேண்டியதில்லை.

பயனை அடைந்தோர் எவர் என்பதே இறுதி வினா. காயா பளிங்கு வளர்த்தது முதல் ஓவுச்சி படலம் படிவித்தது வரை, அறிவு கூட்டுழைப்பாகவே விளைந்தது. விளைந்த பின்னர் அது விரல்விட்டு எண்ணத்தக்க சில கம்பனிகளின் சொத்தாயிற்று. 2011 ஆம் ஆண்டு தாய்லாந்தின் பெருவெள்ளத்திலே தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறியது. அந்நுண்ணிய காந்தங்களை எவருடைய கைகள் பொருத்துகின்றன என்பதை அன்றுதான் உலகம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தது. இன்று கோடிக்கணக்கான மக்களின் கடிதமும் படமும் வாழ்க்கைக் குறிப்பும் நிமிர்ந்து நிற்கும் கோபாற்று மணிகளிலே பதிந்து, பெருங்கம்பனிகளின் களஞ்சியங்களிற் கிடக்கின்றன. சமுதாயம் ஆக்கியதைச் சிலர் உடைமை கொள்ளும் முரண்பாடு, ஆஷியோவின் செப்பிலே தொடங்கிச் செண்டாயின் காந்தம் வரை மாறவில்லை.

மற்றுமொரு முரண்பாட்டையும் இங்கு குறித்தல் வேண்டும். நிமிர்ந்த பதிவு சந்தைக்கு வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், 2004 ஆம் ஆண்டிலே, யப்பானிய அரசு தன் தேசியப் பல்கலைக்கழகங்களைத் தனித்தனிக் கூட்டுத்தாபனங்களாக மாற்றியது. அதன் பின்னர் அவற்றுக்கு வழங்கிய அடிப்படை நிதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. குறுகிய காலத் திட்டங்களுக்குப் போட்டியிட்டுப் பணம்பெறும் நிலை வளர்ந்தது. 28 ஆண்டுக் காத்திருப்பின் கனி மரத்திலே பழுத்துக்கொண்டிருந்தபோதே, அத்தகைய மரங்களின் வேருக்கு வார்த்த நீர் குறைக்கப்பட்டது.

“இதனால் உடனடிப் பயன் யாது?” என்னும் கேள்வி இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களின் வாயிலிலும் எழுப்பப்படுகின்றது. அது நேர்மையான கேள்வி போலத் தோன்றும். 1928 இலே கோபாற்றுப் பளிங்கொன்றைத் திருப்பித் திருப்பி அளந்துகொண்டிருந்த இளைஞரிடம் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், அவரிடம் விடை இருந்திராது. விடை 2005 இலேதான் கிடைத்தது. ஆகவே, பயனை வினவுவோரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு: எவருக்குப் பயன்? எத்தனை காலத்துள்? ஆசிரியரும் மாணவரும் இவ்விரு வினாக்களையும் கைவிடாதிருப்பாராயின், விஞ்ஞானம் மந்திரமாவதும் தப்பும். வாணிபமாக மட்டும் சுருங்குவதும் தப்பும்.